காதுக்கு எட்டுற தூரத்துல

இல்ல முதலாளி, நீங்களே நியாயத்தச் சொல்லுங்க. ஒரு சைக்கிள் கேரியர்ல எத்தன பம்பளிமாஸ் பழம் ஏத்தலாம்? நாலு? சரி, மிஞ்சிப் போனா அஞ்சு? பதினொண்ணு, முதலாளி! பதினொண்ணு! அதுக்கு மேல ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்கு மேல ஒரு போர்வ மூட்ட. டயர் என்ன பண்ணும், பாவம்? புஸ்ஸுனு ஒரு சத்தம். அவ்ளோதான். நடுரோட்ல நிக்குறேன்.

மூணு பன்னெண்டுக்கு ரயில். எனக்கில்ல, அதோ அந்தத் தூணுல அவ சைக்கிளச் சாத்திட்டு, பக்கத்துல பெட்டி மேல உக்காந்து எழுதிட்டிருக்காளே, அவளுக்கு. ஹவேயா. ஊழியத்துல என் துணை. இன்னைக்கு மாத்தலாகிப் போறா, மியாவ்லிக்கு.

நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க. நான் சும்மா பேசிட்டு நிக்கிறேன், அவ்ளோதான்.

பம்பளிமாஸ் யார் குடுத்தாங்கன்னா கேக்கறீங்க? யார்தான் குடுக்கல! ஹவேயா போறாளாம்னு இந்த தௌலியூ முழுக்க எப்படித்தான் தெரிஞ்சுதோ. சலவைக் கடைக்காரர் ரெண்டு, எங்க மாடிக்குக் கீழ மருந்துக்கடைல ரெண்டு, காய்கறி விக்கிற லியாவ் அக்கா மட்டும் மூணு... இவ வேணாம்னு ஒரு வார்த்த சொல்லணுமே! சொல்ல மாட்டா. யார் எதக் குடுத்தாலும் ரெண்டு கையாலயும் வாங்கி நெஞ்சோட அணைச்சுக்குவா. டாக்சி பிடிக்கலாம்னு சொன்னாதான். நான்தான், வேணாம், என் கேரியர் தாங்கும்னு... சரி, அத விடுங்க.

டீயா? ஐயோ, வேணாம் முதலாளி. எங்க சபைல டீ, காப்பி ரெண்டும் ஆகாது. தப்பா நெனச்சுக்காதீங்க. பப்பாளிப் பால்னா ஒரு டம்ளர் இல்ல, ஒரு வாளி குடிப்பேன். இல்ல இல்ல, இப்ப வேணாம், நீங்க ட்யூப்பக் கழட்டுங்க.

உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, எங்க ஊழியத்துல தனியா இருக்கவே கூடாது. ஒரு நிமிஷம் கூட! பதினெட்டு மாசம், ரெண்டு ரெண்டு பேரா. ‘மார்மன் பொண்ணுங்க’ன்னு தெருவுல கூப்பிடறீங்களே, எப்பவாச்சும் ஒருத்தி மட்டும் போய்ப் பாத்திருக்கீங்களா? பாத்திருக்கவே முடியாது. கண்ணுக்கும் எட்டணும், காதுக்கும் எட்டணும். அந்தத் தூரத்துலதான் துணை இருக்கணும். சட்டம். மாத்தல் நாளும் குளிக்கிற நேரமும் தவிர. குளிக்கும்போதுகூட இவ கதவுக்கு வெளிய நின்னு பாடுவா!

நான் எங்கேர்ந்து வரேன்னா, ஐடஹோ. உருளைக்கிழங்கு வயல். எங்க வீட்லேர்ந்து பக்கத்து வீட்டுக்குப் போகவே காரெடுக்கணும். பொழுதெல்லாம் எங்க அப்பா வாயத் திறந்தா மழை வருமான்னு கேப்பாரு, அம்மா வராதும்பாங்க, அன்னைக்குப் பேச்சு முடிஞ்சுது. அப்படி வளந்த பொண்ண கொண்டாந்து, இருபத்துநாலு வாரம், முதலாளி, இருபத்துநாலு வாரம், டோங்கா தீவுலேர்ந்து வந்த இவகூடப் போட்டாங்க. அவங்க வீட்ல பதிமூணு பேராம். சத்தம் இல்லன்னா இவளுக்குத் தூக்கம் வராதாம்!

காலைல ஆறரைக்கு எழுந்திரிக்கணும்னு சட்டம். இவ ஆறு மணிக்கே கயிறு தாண்டுவா. மூணாவது மாடில. மருந்துக்கடைக்காரர் வீட்ல விளக்கே ஆடுமாம். சரி, தாண்டிட்டுப் போ. பாட்டு எதுக்கு? ஒரே ஒரு பாட்டு. அவங்க மொழில. அதுவும் முதல் சரணம் மட்டும்! ரெண்டாவது சரணம்னு ஒண்ணு இருக்கான்னு ஒரு நாள் கேட்டேன். இருக்கு, ஆனா முதல் சரணமே இன்னும் எனக்கு முழுசா விளங்கலன்னு சொல்றா. என்ன பதில் இது? இப்ப பாருங்க, அர்த்தம் ஒரு வார்த்த தெரியாது, பாட்டு மட்டும் எனக்கு மனப்பாடம். காய் நறுக்கும்போது என் வாயிலயே வருது. அசிங்கமா இருக்கு.

சிக்னல் கதயச் சொன்னா நீங்க சிரிப்பீங்க. அந்தப் பழச் சந்தைகிட்ட தொண்ணூறு வினாடி சிவப்பு எரியுமே, அது? ஊர்ல எல்லாரும் எப்படா பச்ச விழும்னு பாப்பாங்க. இவ சிவப்புக்கு ஜெபம் பண்ணுவா! சத்தியமா. தூரத்துல பச்ச தெரிஞ்சா பெடல மெதுவா மிதிப்பா. போய் நின்னதும் பக்கத்து ஸ்கூட்டர்காரங்ககிட்ட, ‘சாப்டாச்சாங்க? பின்னாடி பாப்பாவுக்குச் சளி போல இருக்கே?’ அப்படி ஆரம்பிப்பா. தொண்ணூறு வினாடில அந்தப் பாப்பா பேரு, மாமியார் ஊரு, முட்டிவலி, எல்லாம் வெளிய வந்துரும். ஒரு தடவ பச்ச விழுந்தும் யாரும் நகரல. பின்னாடி ஒரு லாரிக்காரன் ஹாரன அமுக்கி விட்டான் பாருங்க... நான் ஹெல்மெட்ட மூஞ்சிக்கு இழுத்துக்கிட்டேன்.

என்ன, உங்களயும் பிடிச்சாளா? அந்த சிக்னல்லயா? எங்க இங்கிலீஷ் வகுப்புக்கு வரேன்னு சொன்னீங்களா? வந்தீங்களா? இல்லல்ல! வாரா வாரம் ஒரு நாற்காலி சேத்துப் போடுவா, முதலாளி. சைக்கிள் கடை அண்ணனுக்குன்னு. அது நீங்கதானா!

அட, ஓட்ட இங்க இருக்கு. குமிழி வருது பாருங்க. ஆமா, உங்களுக்குத் தெரியாதா.

மெதுவாத்தான் பேசணும்ல? அவ காதுல விழாது, கவலப்படாதீங்க. எழுத உக்காந்தா இடி விழுந்தாலும் தெரியாது. நன்றி அட்டை எழுதறா. இந்த ஊர்ல அவளுக்குத் தெரிஞ்ச ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு. நேத்துலேர்ந்து எழுதறா, தீரல. எனக்கு இந்த ஊர்ல எத்தன பேரத் தெரியும்னு நானும் எண்ணிப் பாத்தேன். வேணாம், அத விடுங்க.

ஜூன் மாசம் எனக்குக் காய்ச்சல் வந்துது. நாலு நாள். ஒருத்தி படுத்துட்டா இன்னொருத்தியும் வீட்டோட கெடக்கணும். அதுவும் சட்டம்தான். இவளுக்கு வெளிய போகாம இருக்க முடியுமா சொல்லுங்க? ஜன்னல் வழியா குதிச்சுருவான்னு நெனச்சேன். நாலு நாளும் என் தலமாட்டுல உக்காந்திருந்தா. கஞ்சி காய்ச்சறா, துணி நனைச்சுப் போடறா. எனக்கு ஒரே எரிச்சல். என்ன எரிச்சல்னா... அந்தப் பாட்டு இருக்கே, அத அந்த நாலு நாளும் அவ்ளோ மெதுவாப் பாடுனா. மெதுவாப் பாடத் தெரிஞ்சிருக்கு பாருங்க இவளுக்கு! அப்ப மத்த நாள்ல என்னவாம்?

சரி... உங்ககிட்ட ஒண்ணு சொல்லவா? நீங்க யார்கிட்டயும் பேசறவர் மாதிரி தெரியல. நல்ல பழக்கம்.

ஒவ்வொரு திங்கக்கிழமையும் எங்களுக்கு ஓய்வு. துணி தோய்க்கலாம், காய் வாங்கலாம். அன்னைக்குத்தான் மிஷன் தலைவருக்குக் கடிதமும் எழுதணும். எப்படி இருக்கேன், துணை எப்படி இருக்கான்னு. அவர்தான் ஆறு வாரத்துக்கு ஒரு தடவ யார எந்த ஊருக்கு மாத்தறதுன்னு முடிவு பண்றவரு. எனக்கு இவகூட ஒத்து வரலன்னு நேரா எழுதலாம்தான். எழுதினா என்ன ஆகும்? உடனே ஃபோன் பண்ணுவாரு. ரெண்டு பேரும் சேந்து உக்காந்து பேசுங்கம்மா, சேந்து ஜெபம் பண்ணுங்கம்மான்னு சொல்லுவாரு. சேந்து, சேந்து! எனக்கு வேண்டியது அது இல்லையே!

அதனால நான் என்ன பண்ணேன்... அந்த ரிம்மக் கொஞ்சம் பாத்துக்குங்க, வளைஞ்சிருக்கு போல. என்ன பண்ணேன்னா, புகழ்ந்து எழுதினேன்.

சிரிக்காதீங்க! ஆறு வாரம் விடாம எழுதினேன். ஹவேயா மாதிரி ஒருத்தி இந்த மிஷன்லயே கிடையாது. முன்னப் பின்னத் தெரியாதவங்க இவகிட்ட அழுதுட்டு, கண்ணத் தொடச்சிட்டு, சிரிச்சிட்டுப் போறாங்க. நான் படுத்தா என்னப் பாத்துக்கறா. கோவமே வராது. இவள தௌலியூல வச்சிருக்கறது மத்த ஊருக்கெல்லாம் நஷ்டம். புதுசா வர்ற பொண்ணுங்களப் பழக்க இவதான் சரியான ஆளு. அப்படி எழுதினா தூக்கி வேற ஊர்ல போடுவாங்க, எனக்கு அமைதியா ஒரு பொண்ணு வருவா. அதான் திட்டம். நல்ல திட்டம்தானே? பலிச்சிருச்சே!

போன சனிக்கிழம தலைவர்கிட்டேர்ந்து ஃபோன் வந்துது. ஹவேயா, நீங்க மியாவ்லிக்கு. புதுசா வர்றவள நீங்க பழக்கணும். ஸ்டாடர்ட், அது நான்தான், நீங்க அங்கயே. உங்களுக்கு புதன்கிழம சாயந்திரம் ஒருத்தி வருவாங்க. நான் முகத்த சோகமா வச்சுக்கிட்டேன். இவ நல்லதுங்கன்னு சொல்லிட்டு ஃபோன வச்சா. வச்சிட்டு, துவைச்ச துணிய மடிச்சா. மடிச்ச துணிய எடுத்து மறுபடி மடிச்சா. பாட்டு வரல, முதலாளி. அன்னைக்கு ராத்திரி, மறுநாள் காலைல, கயிறு தாண்டும்போது... பாட்டே வரல.

ஏன்னு கேக்க மாட்டீங்களா? லியாவ் அக்கா. மூணு பம்பளிமாஸ் குடுத்தாங்கன்னு சொன்னேனே, அவங்க. இவதான் ஒரு நாள் சிக்னல்ல பிடிச்சா. அவங்க வீட்டுக்காரர் போனதுலேர்ந்து யார்கிட்டயும் பேசாத மனுஷி. இவ வாரத்துக்கு ரெண்டு தடவ போய், வெங்காயத்தாள் கட்டிக் குடுத்துட்டே, மெதுவா, மெதுவா... இந்த ஞாயித்துக்கிழம அவங்களுக்கு ஞானஸ்நானம். இந்த ஞாயிறு! இன்னைக்குப் புதன். நாலே நாள். அதுவரைக்குமாவது இங்க இருக்கணும்னு இவ ஒரு நாள் பூராப் பட்டினி கிடந்து ஜெபம் பண்ணியிருக்கா. அக்கா சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது. இவ அன்னைக்கு வயித்து வலின்னு சொன்னா, நான் நம்பிட்டேன்.

லியாவ் அக்கா நேத்து என்னப் பாத்து, ‘அவ இல்லாம நான் எப்படிம்மா தண்ணில இறங்குவேன்?’னு கேக்கறாங்க. நான் என்ன சொல்ல? நான்தான் அக்கா கடிதம் போட்டு அனுப்பினேன்னு சொல்லவா? பம்பளிமாஸ மட்டும் வாங்கிட்டு வந்தேன். அதனாலதான் டாக்சி வேணாம்னேன், போதுமா? பாதி தூரம் சைக்கிளத் தள்ளிட்டு நடந்தா, வழில சொல்லிரலாம்னு. சொல்லிட்டேனா? பழச் சந்தை தாண்டிச்சு, பள்ளிக்கூடம் தாண்டிச்சு... பஞ்சர்தான் ஆச்சு.

என்ன முதலாளி, எழுந்துட்டீங்க? முடிஞ்சுதா? காத்தும் அடிச்சிட்டீங்களே, எங்க ஓடறீங்க? ஓ... குப்ப வண்டிப் பாட்டு. ஆமா ஆமா, போங்க, அது நிக்காது. அந்த நீலக் குப்பப் பைய விட்டுட்டீங்க! நான் இன்னும் முடிக்கல, முதலாளி, இப்ப நான் அவகிட்டச் சொல்லணுமா வேணாமா, அத மட்டும் சொல்லிட்டு... ஓடறார் பாரு மனுஷன். கடையத் தொறந்து போட்டுட்டு ஓடறார்.

ஐயோ!

நீ எப்ப இங்க வந்த? எவ்வளவு நேரமா என் பின்னாடி நிக்கற?

தூண்கிட்டதான் இருந்தியா? அப்ப கேக்கல, இல்ல? ...எல்லாமே கேட்டுதா. பம்பளிமாஸ்லேர்ந்தா. காதுக்கு எட்டுற தூரம்னா நீ அதுலயும் சட்டப்படிதான் உக்காருவியா! கொஞ்சம் தள்ளி உக்காந்தாத்தான் என்ன?

பேசாத. நீ ஒண்ணும் சொல்லாத. திட்டணும்னா திட்டு. சிரிக்காத, ஹவேயா, எனக்கு அழுக வருது.

என்ன? என்ன கேக்கற? கடிதத்துல எழுதினதெல்லாம் பொய்யான்னா?

இல்ல. நானும் வரி வரியாப் பாத்தேன். ஒரு வரி கூடப் பொய் இல்ல. அதான்டி எனக்கு எரிச்சலே.

மணி என்ன? மூணு பதினாலா! ரயில் போயிருக்குமே! தெரிஞ்சுதான் நின்னியா? நேரமாச்சுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? குறுக்கப் பேச வேணாம்னு பாத்தியா! இருபத்துநாலு வாரத்துல இன்னைக்குத்தான் நீ வாய மூடிட்டு இருந்திருக்க. அடுத்த வண்டி எப்ப? மூணு ஐம்பத்தாறா?

சரி, ஃபோனக் குடு. யாருக்கா? தலைவருக்குத்தான். ஞாயித்துக்கிழம ஒரு நாளைக்கு உன்ன இங்க அனுப்பச் சொல்லிக் கேக்கப் போறேன். அனுமதி வேணும்னு தெரியும். கேட்டாத்தானே குடுப்பாரு! ஆமா, உண்மையத்தான் சொல்லப் போறேன். கடிதம் எதுக்கு எழுதினேன்னு அதயும்தான். குடுன்னா குடு, மனசு மாறறதுக்குள்ள.

அந்தப் பக்கம் மணி அடிக்குது... நீ அந்தப் பெட்டிய ஏத்து. பழத்தப் பிரிச்சு வை, ரெண்டு சைக்கிள்லயும். லியாவ் அக்கா குடுத்தத என் கேரியர்ல வைக்காத, உன்னோடதுல வை...

ஹலோ? தலைவருங்களா? நான் ஸ்டாடர்ட் பேசறேங்க, தௌலியூலேர்ந்து. இல்லீங்க, ஹவேயா இன்னும் கிளம்பல. என்னாலதாங்க. ஆமா, அவளப் பத்தி வாரா வாரம் எழுதினேனே... இல்லீங்க, அதெல்லாம் உண்மதான். எழுதின காரணம்தான் கொஞ்சம்...

ஏய், இப்பப் போயா பாடுவ! காது கேக்கல!

ஐயோ, உங்கள இல்லீங்க, உங்கள இல்ல. அவ பாட ஆரம்பிச்சிட்டா. நாலு நாள் கழிச்சு இப்பத்தாங்க பாடறா. ஒரு நிமிஷம் இருங்க, அவ முதல் சரணத்த முடிக்கட்டும். அதோட நின்னுரும்.