விட்டதும் எறிந்ததும்

கொடைக்கானலில் கைநழுவிய பொருளைக் குனிந்து எடுப்பதா, கைகழுவிவிடுவதா என்பது அது எந்தப் பக்கம் விழுந்தது என்பதைப் பொறுத்தது. என் மகள் சமீஹாவின் செல்போன் பள்ளத்துப் பக்கம் விழுந்தது.

நான் சம்சுல் ஆலம். பஜாரில் ஒரு மளிகைக் கடை மாடியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் சைபர் சார். உயரத்திலிருந்து பொருள் விழும் கணக்கில் 'விடப்பட்டது' என்றிருந்தால் தொடக்கத் திசைவேகம், அதாவது u, சைபர். 'எறியப்பட்டது' என்றிருந்தால் சைபர் இல்லை. இந்த ஒரு வார்த்தையைக் கவனிக்காமல் கணக்குப் போட்டவனை நான் மன்னித்ததே கிடையாது.

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை மதியம் பிள்ளைகளைப் பூம்பாறைச் சாலையில் ஒரு பாறை விளிம்புக்கு அழைத்துப் போனேன். நாற்பத்தைந்து மீட்டர், முந்தின வாரமே கயிறு விட்டு அளந்திருந்தோம். கீழே முள்ளும் கல்லும்தான், ஆளில்லை. என் போனில் சார்ஜ் இறங்கிவிட்டதால், நேரம் பார்க்கச் சமீஹாவின் போனை வாங்கி வந்திருந்தேன். அவள் தயங்கித்தான் கொடுத்தாள். சென்னைக் கல்லூரி ஒன்றில் அவளுக்கு எம்.எஸ்ஸி. இடம் கிடைத்திருந்தது. அன்று போனுக்கு வரும் எண்ணை மாலை ஐந்துக்குள் பதிவு செய்தால்தான் இடம் உறுதி.

"வெரசா வந்துருங்க அத்தா" என்றாள்.

கவுஞ்சியிலிருந்து வரும் கோகுல்ராஜ் தன் போனில் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். நான் ஓர் உருளைக்கிழங்கை விட்டேன். கணக்குச் சொன்னபடியே மூன்றாவது விநாடியில் 'டப்'. பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்போது கையிலிருந்த போன் அதிர்ந்தது. திரையில் ஆறு இலக்க எண். வாழ்த்துகள் என்றும் போட்டிருந்தார்கள்.

அவளை அனுப்பக் கூடாது என்று நான் நினைத்ததே இல்லை. சென்னை வெயில் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது, ஹாஸ்டல் சாப்பாடு வயிற்றைக் கெடுக்கும், அவ்வளவுதான். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் என்பதையோ, கரும்பலகையில் நான் செய்யும் தப்பை அவளைத் தவிர யாரும் சொல்வதில்லை என்பதையோ அப்போது நினைக்கவில்லை. குளிரில் விரல்கள் மரத்திருந்தன. போனை விட்டுவிட்டேன்.

"போச்சே சார்" என்று கோகுல்ராஜ் தலையில் கைவைத்தான். நான்தான் அவனைத் தேற்றினேன்.

பஸ் வந்தது. பிள்ளைகளை ஏற்றிவிட்டு நான் நடந்தே திரும்பினேன். நடை உடம்புக்கு நல்லது. வீடு சேர்ந்தபோது மணி ஐந்து தாண்டிவிட்டது. இடம் வேறு யாருக்கோ போனது. சமீஹா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நானே மீன் வாங்கி வந்து ஆணம் காய்ச்சினேன். ஒரு நல்ல தகப்பன் வேறென்ன செய்ய முடியும்?

நேற்று கோகுல்ராஜ் அந்த வீடியோவை அவளுக்கு அனுப்பியிருக்கிறான். கிழங்கைக் காட்டத்தான் அனுப்பினான். போன் விழுந்ததும் அதில் பதிவாகியிருந்தது. சமீஹா ஒரு தாளுடன் வந்து, டியூஷன் பிள்ளை மாதிரி என் எதிரே உட்கார்ந்தாள். முகத்தில் சிரிப்புதான்.

"சார், ஒரு டவுட்டு. ஒரே பாறை. கெழங்குக்கு மூணு விநாடி, போனுக்கு மட்டும் ரெண்டரை. ஏன் சார்?"

"காத்துத் தடையா இருக்கும்மா" என்றேன்.

"காத்து தடுத்தா லேட்டால்ல விழணும்? நீங்க சொல்லிக் குடுத்ததுதான அத்தா."

தாளை என் பக்கம் திருப்பினாள். நாற்பத்தைந்து சமம், u பெருக்கல் இரண்டரை, கூட்டல் முப்பத்தொன்றேகால். கடைசி வரியில் u = 5.5 என்றிருந்தது. சைபர் இல்லை. நான் போனை விடவில்லை. எறிந்திருக்கிறேன், ஓங்கி, கீழ்நோக்கி.

"எதுக்கு அத்தா?" என்றாள். இப்போது சிரிப்பு இல்லை.

அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அதனால் தாளையே பார்த்தேன். விடைக்குப் பக்கத்தில் அவள் அலகு எழுதவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து அரை மதிப்பெண் குறைத்தேன்.