அவன் அதுல இல்ல

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். என்னோடு வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியனின் மச்சானுக்கு நடந்தது இது.

இரவு ஒன்பது மணி. விமான நிலையத்துக்குப் போகிற நெடுஞ்சாலை... முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லை. காரில் அவன் மட்டும். வெளிநாட்டில் லிஃப்ட் கம்பெனியில் சூப்பர்வைசர். ஊரில் அப்பாவுக்கு முடியவில்லை. "உன்னத்தான் கேக்குறாரு, உடனே கிளம்பி வாடா" என்று அக்கா அழுதிருந்தாள்.

பாதி வழியில் மேனேஜர் கூப்பிட்டார். காலையில் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் சோதனை. அவன் இல்லாவிட்டால் பதவி உயர்வு வேறொருவனுக்கு. வண்டியை ஓரங்கட்டினான். ஒரு நாள்தானே... காரைத் திருப்பிவிட்டான்.

அக்காவிடம் சொன்னது வேறு. "ஏறிட்டேன்க்கா. பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர், பதினாலு மணி நேரம். கதவ மூடப்போறாங்க, வச்சுடுறேன்."

பறப்பவனின் போன் அடிக்கக் கூடாதே. அணைத்து மேசை டிராயருக்குள் போட்டான்.

சோதனை நல்லபடியாக முடிந்தது. எல்லோரும் கை குலுக்கினார்கள். வீடு திரும்பிய பிறகுதான் டிராயரிலிருந்து போனை எடுத்து ஆன் செய்தான். உடனே அக்கா.

"அப்பா போயிட்டாருடா..."

அவளே பேசினாள்.

"இங்க பகல் முழுக்க உயிரக் கையில புடிச்சுக்கிட்டு இருந்தாரு. 'எங்க வர்றான், எங்க வர்றான்'னு ஒரே கேள்வி. நானும் கடல் மேல வர்றான், பாதி தூரம் வந்துட்டான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். பொழுது சாயுறப்ப கொஞ்ச நேரம் அசைவே இல்ல. அப்புறம் கண்ணத் தொறந்து, 'போய்ப் பாத்துட்டேம்மா. வரிசை வரிசையாத் தொட்டுப் பாத்தேன். அவன் அதுல இல்ல'ன்னாரு. அவ்வளவுதான். உளறிட்டாருடா, பாவம். நீ இறங்கிட்டியா?"

"ஃப்ளைட்ட வேற ஊருக்குத் திருப்பிட்டாங்கக்கா" என்றான். இரண்டாவது பொய்.

அன்றிரவு நிஜமாகவே ஏறினான். சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துப் போய் விளக்குகளை அணைத்தார்கள். முன்சீட்டுத் திரையில் மிச்சத் தூரம் மெல்லக் குறைந்துகொண்டிருந்தது. இவனுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை.

முதலில் வாடைதான் வந்தது. தைலமும் மூத்திரமும் கலந்த நோயாளி அறை வாடை. பிறகு சத்தம். சர்ர்... சர்ர்... கம்பளத்தில் வெறுங்கால் இழுபடுகிற சத்தம். ஒவ்வொரு வரிசையிலும் நின்று... நின்று... அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. தொட்டுத்தான் ஆளைத் தெரிந்துகொள்வார்.

போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டான். பக்கத்தில் வந்து நின்றது. போர்வை மேல் சில்லென்று ஒரு கை... நெற்றி, மூக்கு, மோவாய்.

"நான்தாம்பா" என்று சொல்ல ஒரு நொடி போதும். எந்த முகத்தோடு சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

கை விலகியது. சர்ர்... அடுத்த வரிசை.

பின்சீட்டில் ஒரு குழந்தை விழித்திருந்தது. "அம்மா, இந்தத் தாத்தா ஏன் எல்லார் மூஞ்சியையும் தொடுறாரு?"

"எந்தத் தாத்தா? பேசாமத் தூங்குடி."

இறங்கும்வரை அந்தக் காலடி நிற்கவே இல்லை. முன்னால் போகும்... திரும்பி வரும்.

வீட்டில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். அழத் தகுதி இல்லாதவன் போல ஒதுங்கி நின்றான். அக்கா அவன் கையைப் பிடித்துக் கால்மாட்டுக்கு அழைத்துப் போனாள். துணியை விலக்கினாள். இரண்டு உள்ளங்காலிலும் பெரிய பெரிய கொப்புளங்கள். சில உடைந்து, இன்னும் ஈரமாக...

"மூணு மாசமா கட்டில விட்டு இறங்காத மனுஷன்டா" என்று கிசுகிசுத்தாள். "நேத்து உயிர் போனதும் குளிப்பாட்டுறப்ப இது இல்ல."