புருசுக்கு ஒரு வீடு

— ஐயோ! ஏன்னா! ஓடி வாங்கோ! மாடு! மாடு ஆத்துக்குள்ளே வந்துடுத்து!

— என்னடி கத்தறே, கோமளம்? மாடா? யார் மாடு?

— பால்காரத் தணிகாசலத்தோட மாடு! கன்னுக்குட்டியும் கூட! வாசல்ல கறந்துண்டிருந்தான். ரேழியைத் தாண்டி கூடத்துக்கே வந்தாச்சு. பின்னாலேயே அந்தப் பிசாசு விரட்டிண்டு வரது. ஆசைப்பட்டு வரவழைச்சேளே, துரை நாய், அதுதான்!

— கங்காதரா! எங்கேடா போனே? பிடிடா அதை! மாடு என் கேஸ் கட்டு மேலே நிக்கறது!

— புருசு! டேய் புருசு! வா நைனா, இங்க வா! படு! கீய படு!

— கேட்டேளா! என் கூடத்துல நின்னுண்டு யாரையோ புருஷன்னு கூப்பிடறான்!

— நாய் பேரும்மா அது. புரூசு. துரை வச்சது.

— பேர்ப் பொருத்தம் சரியாத்தான் இருக்கு. சொன்ன பேச்சு ஒண்ணையும் கேக்கறதில்லே.

— வாயை மூடு, கோமளம். கங்காதரா, முதல்ல மாட்டை வெளியே ஓட்டு.

— நான் எதுக்கு சாமி ஓட்டணும்? அதுகிட்டயே சொல்றேன் பாருங்க. புருசு! தள்ளு! வெளியே தள்ளு! பாத்தீங்களா, கன்னுகுட்டி கால்கிட்ட மூக்கை வச்சுக்கினு எப்படி நேரா இட்டுக்கினு போவுது! பல்லு படாது சாமி. ஒரு கீறல் இருக்காது.

— அப்படியே திருப்பதி வரைக்கும் ஓட்டிண்டு போகச் சொல்லு. புண்ணியமாப் போகும்.

— இன்னாம்மா இப்படிப் பேசறே? சீமையில மலை மேல ஆட்டு மந்தை ஓட்டற ஜாதிம்மா இது. கோலின்னு பேரு. மாடு ஒரு பக்கம், கன்னு ஒரு பக்கம் நின்னா அதால பாத்துக்கினு சும்மா கெடக்க முடியாது. ஒண்ணா சேக்கணும். நாம வேல குடுக்காட்டி, அதுவே வேல தேடிக்கும்.

— நன்னாத் தேடிண்டது! வந்து ஒரு மணி நேரம் ஆகல்லே. கொடியில இருந்த என் மடிப்புடவையை உரசித்து. பக்கத்தாத்துக் குழந்தைகள் நாலையும் துளசி மாடத்துக்குப் பக்கத்துல ஒரே கொத்தா நிறுத்தித்து. ஒண்ணு அழறது, ஒண்ணு சிரிக்கறது, ஒண்ணும் நகர மாட்டேங்கறது. இப்போ மாடு. பசு வந்ததுக்கு நான் கோவிச்சுக்கல்லே. அது லக்ஷ்மி. இது சமைக்கற தளிகையுள் வாசல் வரைக்கும் வந்துதே, அந்தத் தீர்த்தக் குடத்தை இனி நான் என்ன பண்றது?

— கொட்டிட்டு வேறே பிடி. கோமளம், கொஞ்சம் மெதுவாப் பேசு. இவன் போய் துரைகிட்டே ஒண்ணு விடாமச் சொல்லுவான்.

— சொல்லட்டும். இன்னும் உரக்கவே பேசறேன். இவன் வேறே கூடத்து நடுவிலே நிக்கறானே!

— ஆமாம், கங்காதரா, நாயைத் தூண்ல கட்டிட்டு நீ ரேழிக்கு அந்தப் பக்கம் போய் நில்லு.

— மாட்டைப் பிடின்னு சாமிதானே கூப்பிட்டீங்க? மாடு வெளியே போச்சு, நானும் வெளியேவா? சரி. நிக்கறேன். நாய் மட்டும் உள்ள இருக்கலாமா?

— அது துரை நாய்டா.

— நானும் துரைகிட்டதான் பதினோரு வருசம் சாமி. போவட்டும். நான் இங்க நின்னுக்கினே கேக்கறேன். கேட்டுட்டுதான் வுட்டுட்டுப் போவணும். இங்க எங்க படுக்கும் இது?

— பின்கட்டுல. விறகு போடற கொட்டகை இருக்கு.

— மேல இன்னா கூரை?

— தகரம்.

— சித்திரை வெயில்ல, இம்மாம் மயிரோட, தகரத்துக்குக் கீயவா? கரண்டு விசிறி எங்கே கீது?

— என் ஆபீஸ் ரூம்ல.

— அங்க படுக்க வுடுவீங்களா?

— கட்சிக்காரா வந்து உக்கார இடம்டா அது!

— காலைல நாலு மைலு, சாயந்திரம் நாலு மைலு ஓடணும். நட இல்ல சாமி, ஓட்டம். சாந்தோம் கடக்கரைக்குப் போயி மணல்ல வுட்டு இட்டாரணும். யாரு ஓடுவாங்க?

— தினமும் கோர்ட்டுக்குப் போறவனைப் பாத்து என்ன கேள்வி கேக்கறான் பாரு!

— ஓடுங்களேன். தொப்பையாவது குறையும்.

— கோமளம்! குமாஸ்தா வேம்பு ஓடுவான்டா. அவனுக்கு வேறே என்ன வேலை?

— அவரா? உங்க வூட்டுப் படி ஏற சொல்லவே அவருக்கு மூச்சு வாங்குது. நாயைப் பத்தி எங்கிட்ட வந்து விசாரிச்சாரே, அன்னிக்கே பாத்தேன். சரி, யாரு சீவி வுடுவாங்க? மேல முடி தனி, அடியில பஞ்சு மாதிரி தனி. ரெண்டு அடுக்கு. வாரத்துக்கு மூணு வாட்டி சீப்பு போடாட்டி சிக்கு வுயுந்து தோலெல்லாம் புண்ணாயிடும்.

— இதுக்கு இவ்வளவு விஸ்தாரமா? மாசம் பொறந்தா ஆத்துக்கு நாவிதன் வரான். எனக்கு க்ஷவரம் ஆனதும் இதையும் உக்கார வச்சு ஒட்ட வெட்டச் சொல்லிட்டாப் போச்சு. காத்தோட்டமா இருக்கும்.

— யாரு மயிரை யாரு வெட்றது? சாமி, சொல்லிட்டேன், அந்த வேல மட்டும் செஞ்சீங்க, நான் மனுசனா இருக்க மாட்டேன்! உங்களுக்குத் தெரிஞ்சது அவ்ளோதானா? அது அதுக்கு ஓலக் கூரை மாதிரி. குளிருக்கும் அதான், வெயிலுக்கும் அதான். குடிசைக்கு வேர்க்குதுன்னு கூரையைப் பிரிச்சுப் போடுவாங்களா? பிரிச்சா சூரியன் நேரா மண்டையில எறங்காது? அந்த அடிமுடி போச்சுன்னா போனதுதான். திரும்பி ஒயுங்கா வளராது.

— யாரைப் பாத்துக் கையை நீட்டறே? கூண்டுல நிக்கறவனை முப்பது வருஷமா நான் கேள்வி கேட்டிண்டிருக்கேன். ஒரு நாய்க்காரன் என் வாசல்ல நின்னுண்டு என்னைக் குறுக்கு விசாரணை பண்றான்! டேய், நீ வந்தது நாயை விட. வீடு பாக்க இல்லே.

— வூடு பாக்கத்தான் வந்தேன். இது நாலாவது வூடு. மொத வூட்ல செல்லம் கொஞ்சறாங்க, மாடி மேல இத்துனூண்டு எடம். ரெண்டாவது வூட்ல ஒரு மைல் நீளத்துக்கு சங்கிலி வச்சுக்கினு நிக்கறாரு. மூணாவது வூட்ல பார்ட்டிக்கு வர்ற வெள்ளக்காரங்களுக்குக் காட்டணுமாம். பொண்ணு குடுக்கறவன் கேக்க மாட்டானா? நாயம் வேணாமா?

— பொண்ணு குடுக்கறவா இப்பல்லாம் ஒண்ணும் கேக்கறதில்லேப்பா. என்னைக் குடுத்தப்போ ஜாதகம் மட்டும் பாத்தா. விறகுக் கொட்டகையைப் பாக்கல்லே.

— நீ உள்ளே போ, கோமளம்.

— போக மாட்டேன். ஏம்பா, எனக்கு ஒண்ணு சொல்லு. பக்கத்துல வந்தா கூவம் நாத்தம் அடிக்கறதே இது மேலே?

— அதானே! அடையாத்து பங்களாவிலேருந்து மயிலாப்பூருக்கு வர வழியிலே கூவம் எங்கேடா இருக்கு? சொல்லு! இப்போ நான் கேக்கறேன். கேட்ட கேள்விக்குப் பதில்!

— கால்வாய் சாமி. பக்கிங்காம் கால்வா. வாத்தைப் பாத்துட்டு எறங்கிடுச்சு. நாத்தம் எல்லாம் ஒண்ணுதானே?

— ம். சரி. சாப்பாடு? இந்த ஆத்துல மாம்சத்தோட பேரைக்கூடச் சொல்லக் கூடாது. தயிர் சாதம்தான்.

— துன்னும். இப்பவே தயிர் சோறுதான் துன்னுது.

— துரை பங்களாவிலே நாய்க்குத் தயிர் சாதமா?

— அது வந்தும்மா, ஐயர் வூட்டுக்குப் போவப் போவுதேன்னு நான்தான் பயக்கிக்கினு வர்றேன்.

— ஐயர் இல்லேடா, ஐயங்கார்.

— தயிர் ஒண்ணுதானே சாமி.

— ஏன்னா, நீங்க துரைக்கு லெட்டர் எழுதினேளே, அதுக்குப் பதில் வந்ததோ?

— இதோ, நாயே வந்தாச்சு! லெட்டர் எதுக்கு? வேம்பு சொன்னான், துரை சீமைக்குத் திரும்பப் போறார், நாய்க்கு வீடு தேடறார்னு. அன்னிக்கு ராத்திரியே நாலு பக்கம் எழுதினேன். மூணாம் நாள் ஆளோட நாயை அனுப்பிட்டார். மரியாதை தெரிஞ்ச மனுஷன்.

— நாலு பக்கமும் நாயைப் பத்தியோ?

— ஒரு பக்கம் நாயைப் பத்தி.

— மிச்ச மூணு பக்கம்?

— துரையோட கம்பெனி வழக்கெல்லாம் இப்போ யாரோ ஒரு பாரிஸ்டர்கிட்டே இருக்கு. வருஷத்துக்கு அறுபது வழக்கு, கோமளம்! துரை ஒரு வார்த்தை சொன்னா இந்தப் பக்கம் திரும்பிடும். அதுக்கு அவருக்கு என் ஞாபகம் வரணும். நாய் சௌக்கியமான்னு விசாரிக்கறப்போவெல்லாம் வரும். இது புரியாம நீ குடம், புடவைன்னு கத்திண்டிருக்கே!

— அப்படிச் சொல்லுங்கோ. நாய் மேலே திடீர்னு எங்கேயிருந்து பிரியம் வந்துதுன்னு பாத்தேன். நம்ம தெருப் பூனைக்கு ஒரு கை பால் விட்டதில்லே நீங்க.

— ஒரு மாசம் பொறுத்துக்கோ. வக்காலத்துல கையெழுத்து ஆயிடட்டும். அப்புறம் கிண்டி ரேஸ் லாயத்துல யார்கிட்டேயாவது தள்ளி விட்டுடலாம். வெயில் ஒத்துக்கல்லே, செத்துப் போச்சுன்னு எழுதிட்டா துரை சீமையிலேருந்து கப்பல் ஏறியா வந்து பாக்கப் போறார்?

— சாமி.

— நீ இன்னும் அங்கேயா நிக்கறே?

— இங்கதானே நிக்க சொன்னீங்க. காது இங்க வரைக்கும் கேக்குது. ஒரு மாசம் வச்சுக்கினு, அப்பால செத்துப் போச்சுன்னு எயுதிடுவீங்களா?

— பேச்சுக்குச் சொன்னேன்.

— பேச்சுக்கா! தெருவுல போறவன் கல்லால அடிச்சா அவன் மொகத்தைப் பாத்துட்டு வுட்டுடுவேன். நீங்க அறிவாளி. புஸ்தகம் புஸ்தகமா அடுக்கி வச்சிக்கினு, உசுரோட நிக்கற நாய்க்கு இப்பவே சாவு எயுதறீங்க! புருசு, வா. எயுந்துரு. அவரு கையை நக்காதே. உனக்கும் நாயம் தெரில. வா போலாம்.

— நாயை அவுக்காதே! அவுத்தே, பாத்துக்கோ!

— அவுத்துட்டேன்.

— விடுங்கோன்னா அவனை. அவன் சொல்றதுல என்ன தப்பு? ஏம்பா கங்காதரா, நான் சொல்றேன் கேளு. நான் காலமேருந்து கத்திண்டிருக்கேன், நிஜம். குடத்தைக் கொட்டணுமேன்னு கோவம்தான். ஆனா இந்த நாய் மேலே எனக்கு ஒரு கோவமும் இல்லே. இத்தனை சுறுசுறுப்பா ஒரு ஜீவன் இந்த ஆத்துக்குள்ளே நுழைஞ்சு நான் பாத்ததே இல்லே. அதனாலேயே சொல்றேன், இது இங்கே இருக்க வேண்டாம். ஒரு சங்கிலியிலே கட்டிப் போட்டுட்டு, அது சுத்திச் சுத்தி வரதை நான் தளிகையுள்ளேருந்து பாத்துண்டிருக்கணும். என்னால முடியாது. அழைச்சிண்டு போ. வக்கீலாத்து மாமி வேண்டாம்னுட்டான்னு துரைகிட்டே சொல்லிக்கோ. பழி என் மேலேயே இருக்கட்டும்.

— உன் மேலே பழியாம்! அறுபது வழக்கு போறதுடி!

— போகட்டும். இன்னும் எண்பது வருஷம் இருந்து வாதாடப் போறேளா?

— அம்மா, நீ நல்லாருக்கணும். சொன்னியே, அது போதும். நாலு வூட்ல ஒரு வூட்லயாவது நாயைப் பாத்துப் பேசினாங்க.

— நகராதே! கேட்டைச் சாத்து, கோமளம்! திருட்டுப் பயலே, நாயை எனக்குன்னு துரை அனுப்பியிருக்கார். அதை நீ இழுத்துண்டு போனா அது திருட்டு. ஆறு மாசம் உள்ளே தள்ளுவேன்!

— தள்ளுங்க.

— வேம்பு! வேம்பு எங்கே? ஒரு ஜட்கா கொண்டு வரச் சொல்லு! இப்பவே அடையாத்துக்குப் போறேன். துரை முன்னாலே உன்னை நிறுத்தறேன். நாயை விட வந்தவன் எனக்கே புத்தி சொன்னான், வந்த நாயை இழுத்துண்டு போனான்னு அவர்கிட்டேயே சொல்றேன். நாளைக்கு உன் சோத்துல மண்ணு விழறதா இல்லையா பாரு! பதினோரு வருஷ வேலையாம்!

— ஜட்கா வேணாம் சாமி. வீண் செலவு.

— பயந்துட்டியோ?

— துரை கப்பலேறி இருபத்திரெண்டு நாள் ஆவுது. உங்க லெட்டரு என் கையிலதான் கெடக்குது. அவரு ஏறும்போது, “நாயைச் சுட்டுப் பொதைச்சுட்டியா”ன்னு கேட்டாரு, “ஆச்சு துரை”ன்னு சலாம் வச்சுட்டு வந்தேன்.