நாற்பத்தொன்றாம் பக்கம்

— விரல் மரத்துப்போகுதான்னு நர்ஸ் போன்ல கேட்டா, “அதெல்லாம் இல்லம்மா”ன்னு அடிச்சு விடறீங்களேக்கா! முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கறதுன்னா இதுதான்.

— ஒட்டுக்கேட்டியா?

— ரெண்டு பேருக்கும் ஒரே மேசை. காத எங்க கழட்டி வைக்கிறது? காலைலேர்ந்து ரெண்டு தடவ டம்ளர நழுவ விட்டாச்சு. மூணாவது தடவ, கொதிக்கக் கொதிக்க இருந்த டீயக் கெட்டியாப் புடிச்சுட்டு உக்காந்திருந்தீங்க. சூடே உறைக்கல.

— கேளுடி. வாய்ப்புண்ணச் சொன்னேன். வாந்தியச் சொன்னேன். தண்ணி குடிச்சாக்கூட ஆணிய நக்கின மாதிரி இருக்குன்னு சொன்னேன். அவங்களுக்கு இது போதாதா?

— முடி கொட்டினத விட்டுட்டீங்க.

— கண்ணு தெரியாதவளுக்கு அதுல என்ன நஷ்டம்? கண்ணாடி மொதல்லயே மிச்சம், இப்பச் சீப்பும் மிச்சம்.

— சிரிக்க வைக்காதீங்க. எதுக்கு எந்திரிச்சு எந்திரிச்சு நடக்கறீங்க? ஒரு எடத்துல உக்காருங்களேன்.

— உக்காந்தா கால்ல எறும்பு ஊருது. நாளைக்குக் காலைல ஊசி இருக்குல்ல, அந்த நெனப்புதான்.

— கால்லயுமா? மரத்துப்போனா உடனே சொல்லணும்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?

— மரத்துப்போனாத்தானே! சொன்னா மருந்தயே நிறுத்திடுவாங்கடி. நாலு ஊசி ஆச்சு, இன்னும் ரெண்டு. பாதில விட்டா அந்தப் புத்துநோய்ச் சனியன் திரும்பி வந்துடும்.

— இது டாக்டர் சொன்னதா, நீங்களாச் சொல்றதா?

— எவ சொன்னா என்ன?

— விரல் போனா இந்த வேலைய எப்படிக்கா பாப்பீங்க? பார்வையில்லாத பிள்ளைங்க தடவிப் படிக்கப்போற பாடப் புத்தகம். நீங்க புள்ளியத் தொட்டுப் படிக்கறீங்க, நான் அச்சுப் பிரதிய வச்சு ஒத்துப் பாக்கறேன். எனக்குப் பிரெயில்ல ஒரு எழுத்து தெரியாது. உங்க விரல நம்பித்தான் நான் தலையாட்டறேன்.

— பதினெட்டு வருஷம் புரூஃப் பாத்த விரல்டி! சரி, பந்தயம். இன்னிக்கு நாப்பத்தொண்ணாம் பக்கம்தானே? எடு. ஒரு கால்புள்ளி தப்பினாலும் நானே நர்ஸுக்குப் போன் போட்டு எல்லாத்தையும் சொல்றேன். தப்பலன்னா இந்தப் பேச்ச நீ மறுபடி எடுக்கக் கூடாது.

— ஒத்துக்கறேன். இந்தாங்க.

— “மண்புழுவுக்குக் கண்கள் இல்லை, கால்புள்ளி, ஆனாலும் அது வெளிச்சத்தைத் தன் தோலாலேயே அறிந்துகொள்கிறது, முற்றுப்புள்ளி. மழையில் மண் நனைந்தால் மேலே வரும், முற்றுப்புள்ளி.” என்னடி, ஏதாவது தப்பிச்சா?

— ஒரு எழுத்து தப்பல. கால்லதான் விழணும் நான்.

— விழு. எறும்பாவது ஓடிப்போகும்.

— இருங்க, பாத்தாச்சுன்னு தாள்ல ஒரு டிக் போட்டுக்கறேன்... அக்கா.

— என்ன?

— கையக் கொஞ்சம் எடுங்க. மூலைல பென்சில்ல நம்பர் போட்டிருக்கு. நான் அவசரத்துல நாப்பத்திரண்டக் கொடுத்துட்டேன். நாப்பத்தொண்ணு இதோ, என் மடியிலயே கிடக்கு.

— எங்க, அத இங்க கொடு.

— தாள் கைக்கு வந்ததும் மொதல்ல புள்ளில இருக்கற பக்க நம்பரத்தானேக்கா தொட்டுப் பாப்பீங்க?

— எங்க வீட்டுக்காரர் நேத்து சாயங்காலம் அச்சுப் புத்தகத்துலேர்ந்து அந்தப் பக்கத்த வாசிச்சுக் காட்டினார். மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன். பயமா இருக்குடி. எனக்கு உசுரோட இருக்கணும்.

— அந்தப் பயத்தையும் அவங்ககிட்டயே சொல்லுங்க. மருந்தக் குறைப்பாங்களோ, மாத்துவாங்களோ, அவங்க பாத்துக்குவாங்க. பந்தயம் பந்தயம்தான்.

— தெரியும். நம்பர நீயே அழுத்திக் கொடு. எனக்குப் பட்டன் தட்டுப்படல.

— இதோ, மணி அடிக்குது. பேசுங்க.

— அவ எடுக்கறதுக்குள்ள உன்கிட்ட ஒண்ணு சொல்லிடறேன். முப்பதாம் பக்கத்துலேர்ந்து வேற ஆள வச்சுத் திரும்பப் படிக்கச் சொல்லு. அதுலேர்ந்து நான் ஒரு புள்ளிகூடப் படிக்கல.