ஆடியில் தொடாத வெப்சைட்

வேலூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஆரணி பட்டுக்கடைக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆடி மாசத்துல வெப்சைட்ட அப்டேட் பண்ணக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"புதுசா எதுவும் வேணாம், ஆவணி பொறக்கட்டும்னேன். நம்ம வெப்சைட்டு ஓப்பன் சோர்ஸாம், யாரு வேணா உள்ள பாக்கலாமாம்; அதுல ஒரு ஓட்டைன்னா ஊருக்கே தெரியுமாம். அப்டேட் பண்ணாத கடையா பாத்து எவனோ பூந்துட்டான்."

"பூந்தவன் இன்னா எடுத்தான்?"

"ஆர்டர் குடுத்தவங்க பேரு, அட்ரஸு எல்லாம். நாம உள்ள போவ முடியாம பாஸ்வேர்டயும் மாத்திட்டான்."

"அவ்ளோதானே?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "முகூர்த்தப் புடவை நேரத்துக்குப் போவணும்னு கல்யாணத் தேதியும் கேட்டு வாங்கிகினு இருந்தோமே. அன்னிக்கு அவங்க வீட்ல யாரும் இருக்கமாட்டாங்க."

கண்ணமங்கலம் தாண்டும்போது அந்த அம்மா போனை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"நாளைக்கே ஆவணி மொத முகூர்த்த நாளுங்க. ஜல்தியா எல்லாருக்கும் போன் போடுங்க."

"நம்பரும் அதுக்குள்ளதான் இருக்குது."