அணைக்கரையில் வண்டி மாற்றும் முறை

எந்தக் கருவியையும் பயன்படுத்திய பிறகு துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைப்பது என் பழக்கம். உங்கள் மேசைமேல் நான் வைத்திருக்கும் ஸ்பேனர் அப்படிப் பளபளப்பதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. காலையிலிருந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கண்ணாயிரத்தை முதலில் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அந்தப் பெடல்கள் அவனுடைய சைக்கிள் கடையில் வாங்கப்பட்டவை. அவ்வளவுதான். மாட்டியவன் நான்.

முதலிலிருந்து சொல்ல அனுமதியுங்கள். மூன்றாம் வகுப்புக்கு நெடுங்காலம் கதை சொன்னவன்; நடுவில் தொடங்க எனக்கு வராது.

வீரமணி எங்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவன். என்னைவிட நான்கு வயது இளையவன். 1989இல், ஊர் திரும்பவிருந்த ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புதுச்சேரியில் அந்த நீலநிறப் பந்தய சைக்கிளை இருவரும் சேர்ந்து வாங்கினோம். வண்டி ஒன்று, ஆள் இரண்டு. ஆகவே ஒரு முறை வைத்துக்கொண்டோம். ஞாயிறுதோறும் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணைக்குப் போவோம். போகும்போது நீல வண்டி அவனுக்கு, கனத்த கறுப்பு வண்டி எனக்கு. அணைக்கரையில் இறங்கி, வேர்க்கடலை தின்றுவிட்டு மாற்றிக்கொள்வோம். திரும்பும்போது நீல வண்டி எனக்கு. என் மனைவி இறந்த மாதத்தில்கூட அவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வாசலில் மணியடித்து நின்றான். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அன்றைக்கு இரு வழியும் நீல வண்டியை எனக்கே கொடுத்தான்.

இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அவன் நல்லவன் இல்லை என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை.

என் வகுப்பில் நான் இட்டுக்கட்டிய கதை ஒன்று உண்டு. ஒரு நத்தையும் ஒரு தும்பியும் ஒரே ஓடைக்கரையில் வாழ்ந்தன. மழைநாளில் நத்தை தும்பியைத் தன் ஓட்டின்மேல் ஏற்றிக்கொள்ளும். வெயில்நாளில் தும்பி அக்கரைச் செய்தி கொண்டுவந்து சொல்லும். ஒருநாள் தும்பிக் கூட்டம் ஒன்று வந்தது. தும்பி அதோடு பறந்துவிட்டது. பல நாள் கழித்துச் சிறகு கிழிந்து திரும்பி வந்தது. நத்தை ஒன்றும் கேட்காமல், “ஏறிக்கொள்” என்றது. பிள்ளைகள் இந்த இடத்தில் எப்போதும் கைதட்டுவார்கள்.

சென்ற ஆண்டு வீரமணி ஒரு சைக்கிள் குழுவில் சேர்ந்தான். மஞ்சள் பனியன் போட்ட இளைஞர்கள்; ஞாயிறு காலையில் வெள்ளிமலை வரை ஏறி இறங்குகிறவர்கள். அது இயல்பானதுதான். ஒருநாள் தேநீர்க் கடையில் அவர்களில் ஒருவன் என்னைப் பார்த்து, “டேய், நத்தை சார் வந்துக்கினு இருக்காரு, வழி வுடுங்கடா, சாயங்காலத்துக்குள்ள வந்துடுவாரு” என்றான். அந்தக் கதையை அவர்களுக்கு யார் சொல்லியிருக்க முடியும் என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மற்றவர்களைவிட வீரமணிதான் சத்தமாகச் சிரித்தான்.

அதற்காக இல்லை, ஐயா. கேலிக்காக யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவன் ஓர் அட்டைப்பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். உள்ளே புதுவகைப் பெடல்கள். அவற்றுக்கென்று தனிக் காலணி உண்டு. அடியிலுள்ள கட்டையைப் பெடல் கவ்விப் பிடித்துக்கொள்ளும். வேறு செருப்போடு மிதித்தால் வழுக்கும்.

“இன்னா வாத்தியாரே, மொறைச்சிக்கினு நிக்கிற? மாட்டிக் குடு. வர்ற ஞாயித்துக்கெழமையிலேர்ந்து நானும் மலைக்குப் போறேன்.”

“எனக்கு அந்தக் காலணி இல்லையே, வீரமணி” என்றேன்.

“ஒனக்கு எதுக்குபா அது? அறுபத்தாறு வயசுல நீ இன்னா மலையா ஏறப் போற? கறுப்பு வண்டியிலயே ராஜா மாதிரி குந்திக்கினு வா.” பிறகு பெட்டியை என் மடியில் வைத்தான். “கண்ணாயிரம் இது ஏறாதுன்றான். அவன்கிட்ட ஏதோ சாமான் இல்லியாம். இந்த வண்டி சூட்சுமம் வாத்தியாருக்குத்தான் தெரியும், போயி கேளுங்கன்னுட்டான்.”

தன் காலுக்கு மட்டும் பொருந்தும் ஒன்றை எங்கள் வண்டியில் மாட்ட வேண்டும். அதையும் நானே மாட்டித் தர வேண்டும். தான் கேட்பது என்னவென்று அவனுக்குத் தெரியவே இல்லை. அதுதான் எனக்கு மிகவும் வலித்தது.

கண்ணாயிரம் சொன்னது சரி. திருகின் வரியை நாங்கள் மரை என்போம். பழைய பிரெஞ்சு வண்டியின் மரை வேறு, இக்காலப் பெடலின் மரை வேறு. வித்தியாசம் மயிரிழைதான், ஆகவே முதல் இரண்டு மூன்று சுற்று ஏறும், பிறகு இறுகி நின்றுவிடும். மரையைப் புதிதாக வெட்டினால் சரியாகப் பொருந்தும். புதுச்சேரியில் அந்தக் கருவி இருக்கும் பட்டறை எனக்குத் தெரியும். பேருந்தில் போய் ஒரே நாளில் முடித்துக்கொண்டு வந்துவிடலாம். வெட்டாமல் பலவந்தமாக ஏற்றினால் பெடலின் எஃகு மிதிதண்டின் அலுமினியத்தைத் தின்றுவிடும். பார்வைக்கு இறுக்கமாக இருக்கும். உள்ளே பிடிப்பு இருக்காது. பிரெஞ்சுக்காரர் இதை எனக்கு இருமுறை சொல்லி, ஒரு தாளிலும் எழுதிக் கொடுத்தார். வண்டி வாங்கிய அன்றைக்கு வீரமணி வாசலில் நின்று நுங்கு தின்றுகொண்டிருந்தான்.

மூன்று சுற்றில் பெடல் நின்றது. நான் ஸ்பேனரின் பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி அழுத்தினேன். அலுமினியச் சுருள்கள் உதிர்ந்தன. அவற்றைத் துடைத்தெடுத்து, விளிம்பில் கிரீஸ் தடவினேன். பிறகு மறுபக்கத்தையும் அப்படியே செய்தேன். எதையும் அரைகுறையாக விடுவது எனக்குப் பிடிக்காது.

அவன் வந்து பெடலை ஆட்டிப் பார்த்தான். “கல்லு மாதிரி நிக்குது. அதான் வாத்தியாரு” என்று என் தோளைத் தட்டினான்.

“இறக்கத்தில் உட்கார்ந்து வராதே. வளைவுகளில் முழு எடையையும் பெடலில் வைத்து எழுந்து நில். முதுகுக்கு நல்லது” என்றேன்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள்; இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அந்த ஞாயிறு காலை நான் கறுப்பு வண்டியில் அணைக்குப் போய்க் காத்திருந்தேன். பையில் இந்த ஸ்பேனர் இருந்தது, ஒரு பொட்டலம் வேர்க்கடலையும் இருந்தது. மலைக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போக வேண்டும். முப்பத்தைந்து ஆண்டு முறைப்படி அவன் அங்கே இறங்கியிருந்தால், நான் எல்லாவற்றையும் சொல்லி அந்தப் பெடல்களைக் கழற்றிவிட்டிருப்பேன். கால் மணிநேர வேலை. ஆகவே முடிவு அவன் கையில்தான் இருந்தது.

மஞ்சள் பனியன்கள் வந்தன. நடுவில் நீல வண்டி. நான் எழுந்து நின்றேன். அவன் வேகத்தைக் குறைக்கவில்லை. “வாத்தியாரே, கடலைய எடுத்து வையி, வந்து துன்றேன்” என்று கத்திக் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

நான் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கூப்பிடலாம். ஆனால், கூப்பிட்டு நிற்பது நிற்பதாகுமா?

ஏற்றத்தில் பெடல் தாங்கியிருக்கிறது. நான் அப்படித்தான் கணக்கிட்டிருந்தேன். இறக்கத்தில் மூன்றாவது வளைவில், நான் சொன்னபடியே அவன் எழுந்து நின்றிருக்கிறான். வலது பெடல் மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. பள்ளத்திலிருந்து தூக்கும்போதும் அது அவன் காலணியைக் கவ்விக்கொண்டே இருந்ததாம். நல்ல தயாரிப்பு.

கழுத்துத் தண்டுவடத்தில் அடி. வீரமணிக்கு இப்போது பேச்சு இல்லை, கைகால் அசைவதில்லை. கண் மட்டும் தெளிவாக இருக்கிறது. மஞ்சள் பனியன்கள் இருமுறை வந்து பார்த்தார்கள், பிறகு வரவில்லை. நான் தவறாமல் தினமும் நான்கு மணிக்குப் போகிறேன். அவன் மகள் ஷாலினி நாற்காலி போட்டுவிட்டு, “பெரியப்பா, நீங்க இருந்தா எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கு” என்பாள். நேற்று மட்டும் வேறொன்று சொன்னாள். “நாள் பூரா கண்ணத் தொறந்துக்கினே இருக்காரு பெரியப்பா. உங்க சைக்கிள் மணி கேட்டா மட்டும் இறுக்கி மூடிக்கிறாரு. ஏன்னே தெரியல.”

அந்தப் பெண்ணுக்குத் தெரியாததில் வியப்பில்லை. ஒரு கதையை ஊன்றிக் கேட்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார்கள். வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நான் அவனுக்கு நத்தையின் கதையைத்தான் சொல்கிறேன். தும்பியின் சிறகு எப்படிக் கிழிந்தது என்று இத்தனை ஆண்டுகளில் ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. அவனும் கேட்பதில்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். நான்கு மணிக்குள் முடிந்தால் நல்லது, அவன் காத்திருப்பான். “ஏறிக்கொள்” என்று நத்தை சொல்லும் இடம் வந்ததும் அவனுடைய மூடிய இமைகளின் ஓரத்தில் நீர் கசிகிறது. நான் அவனை மன்னித்துவிட்டேன் என்பது அவனுக்குப் புரிந்திருக்கிறது, ஐயா.