நாற்காலி இன்னும் பயன்பாட்டில் இருக்கிறதா?

அக்கா, இங்கே பூசணிக்காய் நன்றாகவே கிடைக்கிறது. நம் ஹெய்ட்டியில் செய்வதுபோலவே ஞாயிறு தவறாமல் சூப் வைக்கிறேன். நான் பார்த்துக்கொண்ட டெல்பர்ட்டுக்கும் அது பிடித்திருந்தது. "என்ன மிர்லாந்த், இன்னிக்கும் மஞ்சத் தண்ணியா?" என்று அலுத்துக்கொண்டே இரண்டு கிண்ணம் குடிப்பார்.

அவர் எப்படி இறந்தார் என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன், பதறாமல் கேள்.

இந்த பிராக்டன் ஊரில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். முதுகில் அடிபட்ட பிறகு கால் வரவில்லை. பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலிதான் அவருக்குக் கால். தினமும் மூன்று மணிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் சிநேகிதி லொரெட்டா வீட்டுக்குப் போய் டாமினோ ஆடிவிட்டு வருவார். அவளுக்கு முழங்கால் போய்விட்டது, இங்கே வர முடியாது.

அவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை, வாரம் நாற்பது மணி நேரம். என்னை அனுப்பிய ஏஜென்சிக்காரி ஒருநாள் சொன்னாள்: "அவருதான் தனியா ஊரைச் சுத்துறாரே, உனக்கு எதுக்கு இத்தனை மணி நேரம்? பாதியாக் குறைச்சிடுவாங்க பாரு." பாதியானால் எனக்கு அறை வாடகைக்கு வழி கிடையாது. தெருவில் நிற்பவளை இந்த அமெரிக்காவில் வைத்திருக்க மாட்டார்கள்.

அந்த வாரம் நாற்காலியைச் சார்ஜில் போட மறந்தேன். உண்மையாகவே மறந்தேன். மறுநாள் அவர் வெளியே போகவில்லை. என் மணி நேரத்தைக் கணக்கெடுக்க வந்த நர்ஸ் அவரைப் படுக்கையில் பார்த்துவிட்டு, எதையும் குறைக்காமல் போனாள். அதன்பிறகு நான் மறப்பதை நிறுத்தவில்லை. கொஞ்ச நாளில் பேட்டரி செத்தது.

புதிய பேட்டரி தர இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: நாற்காலி இன்னும் பயன்பாட்டில் இருக்கிறதா? டெல்பர்ட் பேசினால் திட்டிவிடுவார் என்று போனில் நான்தான் பேசுவேன். "மூணு வாரமா படுக்கைய விட்டே எழுந்திருக்கலைங்க," என்றேன். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. பயன்படுத்தாத நாற்காலிக்குப் பேட்டரி கிடையாது என்று கடிதம் வந்தது.

"திரும்பக் கூப்பிடு பொண்ணே. ஓடாததாலதான் படுத்திருக்கேன்னு சொல்லு. நாற்காலி ஓடாம எப்படி ஓட்டுறது?" என்றார் டெல்பர்ட்.

கூப்பிட்டேன். பேட்டரிக்குச் சம்பந்தமே இல்லாத பல் வைத்தியப் பிரிவுக்கான எண்ணை அழுத்தி, காத்திருக்கும்போது போடும் பாட்டை அவர் காதில் வைத்தேன். ஒரு மணி நேரம் தலையாட்டிக்கொண்டு கேட்டார். "பாட்டு நல்லாத்தான் போடுறானுங்க. பதில்தான் வரமாட்டேங்குது," என்றார். அப்படியே தூங்கிப்போனார். வாரம் இரண்டு முறை, நான்கு மாதம்.

படுத்தே கிடந்ததில் இடுப்பில் புண் வந்தது. துடைத்து மருந்து போட்டேன், புரட்டிப் படுக்கவைத்தேன். ஒரு குறையும் வைக்கவில்லை. மூன்று மணி ஆனால் லொரெட்டா போன் செய்வாள். "என்னய்யா, தோத்துடுவோம்னு பயமா?" அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். ஒருநாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஒரே ஒரு தடவை, மிர்லாந்த். தள்ளிக்கிட்டாவது கூட்டிட்டுப் போ." நூற்றைம்பது கிலோ நாற்காலியை என்னால் தள்ள முடியாது என்றேன். அதுவும் உண்மை.

ஏப்ரலில் இன்ஷூரன்ஸிலிருந்து ஒரு பெண் தானாகவே கூப்பிட்டாள். "லொரெட்டான்னு ஒருத்தங்க தினமும் எங்களத் திட்டித் தீர்க்கிறாங்க. புது பேட்டரி வந்தா அவர் ஓட்டுவாரா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மீதிய நான் பார்த்துக்கறேன்."

டெல்பர்ட் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க," என்றேன்.

"யாரு அது?"

"ராங் நம்பர்."

பன்னிரண்டாம் நாள், புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறி இறந்தார். கடைசி வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தான், அக்கா. நாற்காலி ஓடியிருந்தால் லொரெட்டா வீட்டுக்குப் போகிற வழியில், யாருமே இல்லாமல் செத்திருப்பார்.